திரும்பி வந்த வேண்டுதல்

காலையில் அவள் போட்ட வேண்டுதல் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சுற்றி முடித்துவிட்டு அவளிடமே திரும்பி வந்தது. வந்தபோது அவளுக்கே அதை அடையாளம் தெரியவில்லை.

“டைலரக்கா, கை வேலையா? ஒரே நிமிஷம். ஒரு தேவை வந்திருக்கு,” என்றாள் பேங்க் அக்கா.

தையல்காரி ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடச் சட்டை ஒன்றின் காலரை மிஷினில் திருப்பிக்கொண்டிருந்தாள். “சொல்லுங்க,” என்றாள்.

“தலையில அடிபட்டு நினைவு தப்பிக் கிடக்கிற ஒருத்தருக்காக. நம்மாளு. நேத்து ஊர்வலத்துல சிவனேன்னு நடந்து போயிட்டிருந்தவரை அவங்க கும்பலாச் சேர்ந்து அடிச்சுப் போட்டுட்டாங்களாம். ரெண்டு பச்சைக் குழந்தைங்க. பொண்டாட்டி வேற முழுகாம இருக்காளாம், பாவம்.”

ஊசி காலரை விட்டு இறங்கி வெறும் பலகையில் நாலு குத்து குத்தியது. அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். காலையில் அவள் சொன்னது ஒரே வரிதான். தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கும் ஒருவர் பிழைக்க வேண்டும். குழந்தைகளை யார் பெற்றது, மனைவியை யார் முழுகாமல் இருக்க வைத்தது என்று தெரியவில்லை. கிடக்கிற மனிதர் கல்யாணமே செய்துகொள்ளாதவர்.

“நம்மாளுன்னு யாரு சொன்னது?”

“யாரு சொல்லணும்? நம்ம சங்கிலியில வந்திருக்கு. நம்மாளா இல்லாம?”

முப்பது வீடு சேர்ந்த சங்கிலி அது. ஒருத்திக்கு ஒரு தேவை என்றால் அடுத்தவளை ஃபோனில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். கேட்டவள் நின்ற இடத்திலேயே கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, அதற்கடுத்தவளைக் கூப்பிட வேண்டும். கடைசி வீடு முதல் வீட்டைக் கூப்பிட்டால் வட்டம் மூடும். ஃபோனில் குழுவாக ஆரம்பித்துப் பார்த்தார்கள்; பூங்கொத்துப் படமும் மூட்டுவலிக்கு மருந்தும் வந்து குவிந்ததில், சங்கிலியை நடத்தும் பெரியக்கா அதைக் கலைத்துவிட்டார். விரலால் தட்டினால் அது தகவல், வாயால் சொன்னால்தான் வேண்டுதல் என்பது அவர் தீர்ப்பு. பெயர் சொல்லக்கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான். ஒருமுறை யாரோ ஒருத்தி, தன் மகளும் மாப்பிள்ளையும் மனஸ்தாபம் தீர்ந்து சேர்ந்து வாழ வேண்டும் என்று பெயரோடு கேட்டுவிட, பாதி வட்டம் சுற்றுவதற்குள் அந்தப் பெண்ணுக்கு விவாகரத்தே ஆகிவிட்டது. அன்றிலிருந்து தேவை மட்டும்தான். “கடவுளுக்கு ஆளைத் தெரியும். உனக்கு எதுக்கு?” என்பார்.

பெயர் இல்லாத இடத்தில் ஆளுக்கொரு முகத்தை வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அத்தனை முகமும் நம்மாள் முகம்.

“எனக்குச் சொன்னவ அழுதுட்டே சொன்னா,” என்றாள் பேங்க் அக்கா. வங்கியில் கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். எதையும் விரலில் எண்ணிக்கொண்டே பேசுவாள் என்பது ஃபோனிலும் தெரியும். “பாதி வீட்டுல இன்னைக்குப் பட்டினி விரதம். எங்க வீட்டுக்காரரு கேட்டுட்டு ஒரு வார்த்தை பேசல. சட்டையை மாட்டிட்டுக் கிளம்பிட்டாரு. ஆம்பளைங்க எல்லாரும் சாயந்தரம் மண்டபத்துல கூடுறாங்களாம். பிரார்த்தனை முடிச்சுட்டு அப்படியே அவங்க தெருவுக்கு.”

“அந்தத் தெருவுக்கு எதுக்கு?”

“எதுக்கா? விருந்து சாப்பிடவா போவாங்க? என்னக்கா நீங்க.”

ஃபோனை வைத்த பிறகும் அவள் தோள் அப்படியே உயர்ந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அறையில் அவள் மகன் படுத்துக்கிடந்தான். கூரியர் கிடங்கில் வேலை. இன்று போகவில்லை. நேற்று சாயந்தரம் ஊர்வலம் கலைந்து வந்தவன் அப்படியே போய்ப் படுத்தவன்தான்.

ஊர்வலத்தின் முன்னால் போன பேனரை அவள்தான் தைத்தாள். பச்சைத் துணியில் வெள்ளைத் துணி எழுத்துகளை வெட்டி வைத்து ஓரம் அடித்தது. ‘கருணையே எங்கள் வழி.’ அதில் ‘ணை’க்குத்தான் துணி அதிகம் பிடித்தது, வளைவுக்கு வளைவு கத்தரியைத் திருப்பியதில் கட்டைவிரல் காய்த்துப்போனது. துணியின் இரண்டு ஓரத்திலும் கம்பி நுழைக்க உறை மாதிரி மடித்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். ஒரு பக்கத்துக் கம்பி மண்டபத்துடையது. இன்னொரு பக்கத்துக்கு, மொட்டை மாடியில் துணி காயப்போடும் இரும்புக் குழாயை மகன் கழற்றிக்கொண்டு போனான். அந்தப் பக்கத்தைப் பிடித்து வந்தவனும் அவன்தான். ஊரே பார்த்தது. அவளும் பார்த்தாள். பெருமையாகத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது கையில் துணி மட்டும் இருந்தது. நாலாக மடித்த துணி.

“கம்பி எங்கடா?” என்று கேட்டாள்.

“எந்தக் கம்பி?”

“மாடிக் கம்பி. துணி இருக்கு, கம்பியக் காணோம்.”

“யாரோ வாங்கினாங்க. எவன் கண்டான்? தூங்க விடும்மா.”

காலையில் பால் வாங்கப் போன இடத்தில், கண்ணாடிக்காரர் மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்றார்கள். இரும்புக் கம்பியாம். அவளுக்குப் பால் பாக்கெட் கையில் வழுக்கியது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அந்தத் தெருக்காரர். ஊரில் யாருக்கும் அவரைப் பிடிக்காது. அவள் போட்டிருந்த கண்ணாடியும் அவர் கொடுத்ததுதான். மூக்கை இறுக்குகிறது, கொஞ்சம் தளர்த்திக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, “மூக்கு அகலமா இருந்தா அதுக்கு நான் என்னம்மா பண்றது?” என்று நாலு பேர் முன்னால் கேட்டவர். அந்த மனிதருக்காகத்தான் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சங்கிலியில் வேண்டுதல் போட்டாள். அவர் சாகக்கூடாது. செத்தால் உள்ளே படுத்துக்கிடப்பவன் கொலைகாரன். அவள் வேண்டிக்கொண்டதில் கண்ணாடிக்காரருக்கு இருந்த பங்கு அவ்வளவுதான்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தாள், எழுந்துவிட்டாள். இருப்புக் கொள்ளவில்லை. பெரியக்காவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, அந்தத் தலையில அடிபட்டவரு. அந்தத் தேவையைப் போட்டது நான்தான்.”

“தெரியும்மா. உனக்கு அடுத்தவ சொன்னா. பெரிய காரியம் பண்ணியிருக்க. எவ்வளவு நாளைக்கு அப்புறம் நம்ம ஜனங்க ஒண்ணா எழுந்து நிக்கிறாங்க தெரியுமா?”

“அவரு நம்மாளு இல்லக்கா.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாய் நின்றது. “பின்னே?”

“கண்ணாடிக் கடைக்காரரு.”

“அந்தத் தெரு ஆளா?”

“ஆமா.”

“உனக்கு முதல்லயே தெரியுமா?”

“தெரியும்.”

கோபம் வந்தால் பெரியக்காவின் குரல் இறங்கும், ஏறாது. “முப்பது வீடு. பாதி வீட்டுல பட்டினி. மூட்டுவலிக்காரி ஒருத்தி காலையில இருந்து முட்டி போட்டுட்டு இருக்கா. யாருக்காக? நம்ம ஊர்வலத்து மேல கல்லு விட்டவங்களுக்காக.”

“அவரு கடையச் சாத்திட்டிருந்தாருன்னு சொல்றாங்கக்கா.”

“நீ பார்த்தியா?”

“இல்ல.”

“அப்ப பேசாதே. கடவுள் நம்ம பக்கம் நிக்கிறாரு. அவர்கிட்டயே போய் அவங்களுக்காகக் கேட்டா அவருக்கே சங்கடம் இல்லையா?” இதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. “சாயந்தரம் மண்டபத்துக்கு வா. எல்லார் முன்னாடியும் எழுந்து, தெரியாம கேட்டுட்டேன், அந்த வேண்டுதலைத் திருப்பி வாங்கிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அதோட விட்டுடலாம்.”

“ஆம்பளைங்க நம்மாளுன்னு நினைச்சுட்டுத்தானேக்கா கிளம்புறாங்க? அதையாவது இப்பவே சொல்லிட்டா...”

“அதையும் இதையும் கலக்காதே. அவங்க கோபம் ஒரு ஆளுக்காக வந்தது இல்ல. ரொம்ப நாளா உள்ளயே கிடந்தது. எதைச் சாக்கா வச்சு வந்தா என்ன? நியாயமான கோபம்.”

கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தையல்காரியின் கணவர் படுக்கையாய்க் கிடந்த காலத்தில், யாரும் கூப்பிடாமல் வந்து, அவர் அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு போய்த் துவைத்து வந்து மடித்து வைத்தவர் இந்தப் பெரியக்காதான். அந்தக் கைகள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன. அதனால்தான் மேற்கொண்டு மறுக்காமல் ஃபோனை வைத்தாள்.

பேங்க் அக்காவையே திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள். அவள் முதலில் சிரித்துவிட்டாள். “வேண்டுதலைத் திருப்பி வாங்குறதா? எப்படி? கவுன்ட்டர்ல கேன்சல் சீட்டு எழுதிக் கொடுக்கணுமா?” பிறகு அவள் குரல் மாறியது. “அந்தக் கண்ணாடிக்காரரா? ஐயோ, அந்த ஆளை நான் எத்தனை தடவை திட்டியிருக்கேன்! இன்னைக்கு அவருக்காகவா அரை மணி நேரம் அழுதேன்?”

“உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்களேன்.”

“ஃபோனை எடுக்கலக்கா. எடுத்தாலும் நம்பமாட்டாரு. நான் அழுத அழுகையைப் பார்த்துட்டுப் போனவரு. இப்ப கூப்பிட்டு, ஆளு மாறிப்போச்சு, அழுகை வாபஸ்னு எப்படிச் சொல்றது?”

ஆஸ்பத்திரிக்குப் போனாள். எதற்கென்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. உயிர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டாள். வழியில் பாதிக் கடைகள் சாத்திக்கிடந்தன. திறந்திருந்தவையும் ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கி வைத்திருந்தன. உள்ளேயிருந்து கால்கள் மட்டும் தெரிந்தன. மருந்து வாடை அடித்த நீள வராந்தாவில், ஒன்றோடொன்று பிணைத்த நாற்காலிகளின் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரரின் தங்கை, கடையில் பணம் வாங்கிப் போடுகிறவள். இவளைப் பார்த்ததும் அவள் முகம் சுளித்தது.

“கண்ணாடியைப் பத்திக் கேக்க வந்திருந்தா இப்பவே சொல்லிடறேன், கடையில எதுவும் மிச்சமில்ல. காலையில ஒருத்தர் இங்கயே வந்து, என் பிரேம் என்னாச்சும்மான்னு கேக்குறாரு. குப்பைத்தொட்டியில தேடிக்கங்கன்னுட்டேன்.”

“அதுக்கு வரல. எப்படி இருக்காரு?”

“இருக்கான். மூச்சு விடுறான். கூப்பிட்டாத் திரும்பல.” அவள் பார்வை தையல்காரியின் முகத்தில் நின்றது. “அது அண்ணன் வச்ச பிரேம்தானே? மூக்குல தழும்பு விழுந்திருக்கு பாருங்க. எல்லாருக்கும் இறுக்கித்தான் வைப்பான். தளர்த்தினா எங்கயாவது விழுந்து உடைச்சுக்குவாங்கன்னு பயம் அவனுக்கு. வாயைத் திறந்து அதைச் சொல்லமாட்டான். மூக்கு அகலம்பான்.”

தையல்காரி உட்காரவில்லை. உட்காரச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. “கல்லு பட்டதா?” என்று கேட்டாள். கல் என்று சொல்லிவிட மாட்டாளா என்று அவள் வாயையே பார்த்தாள்.

“என்ன கல்லு? ஷட்டரைப் பாதி இறக்கிட்டோம். வெளிய நிக்கிற விளம்பரப் பலகையை உள்ள எடுக்கணும்னு குனிஞ்சு வெளிய போனான். போகாதேன்னு சட்டையைப் பிடிச்சேன். புதுப் பலகைடீன்னான். அவ்வளவுதான்.” கையால் தலைக்கு மேல் ஓங்கிக் காட்டினாள். “ஆளு முகத்தை நான் பார்க்கல. ஷட்டருக்குக் கீழ கால் வரைக்கும்தான் தெரிஞ்சது. கம்பி கீழ வந்தது. அதுல ஏதோ பச்சைத் துணி தொங்கிட்டிருந்தது.”

வராந்தாவின் கோடியில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். தங்கைக்காரி திடீரென்று நிமிர்ந்து, “நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. “ஊர்வலம் வந்த பக்கம்,” என்றாள்.

“பார்த்துட்டீங்கல்ல? போங்க.”

நடந்தாள். படி வரை வந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. “வேண்டிக்கிறதா இருந்தா வேண்டிக்கங்க! அவனுக்குத் தெரியவா போகுது? தெரிஞ்சா உங்களையும் திட்டுவான்.”

வீட்டில் மகன் எழுந்திருந்தான். அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்து சக்கரத்தை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பேனர் துணி.

“பசங்க வந்துட்டுப் போனாங்க. பேனர் வேணுமாம். என்னை முன்னாடி நிக்கச் சொல்றாங்க. நம்மாளு ஒருத்தரு ஆஸ்பத்திரியில சாகக் கிடக்காராமே? அவருக்காகப் போறோம்னு சொல்றாங்க. யாரும்மா அது?”

அவள் துணியை எடுத்துப் பிரித்தாள். இரட்டைத் தையல் விடவில்லை. தையலுக்குப் பக்கத்தில் துணிதான் நீளமாகக் கிழிந்திருந்தது.

“அது அவருதான்டா,” என்றாள்.

“எவரு?”

“நீ அடிச்சவரு.”

சக்கரம் நின்றது. அவன் மறுப்பான் என்று ஒரு மூலையில் காத்துக்கொண்டிருந்தாள். அவன் மறுக்கவில்லை. “குனிஞ்சான்மா,” என்றான். “கல்லு எடுக்கத்தான் குனியறான்னு நினைச்சேன். எல்லாரும் விடாதே விடாதேன்னு கத்துறாங்க. மைக்ல பாட்டு ஓடுது. சாமி பாட்டு. எனக்கு அந்த நேரத்துல...” கையைப் பார்த்துக்கொண்டான். “சரியான காரியம்தான் பண்றோம்னு இருந்ததும்மா. அவ்வளவு நிச்சயமா எனக்கு எதுவுமே இருந்ததில்ல.”

“பலகையை எடுக்கக் குனிஞ்சாரு.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“அப்புறம் ஏன்டா மடிச்ச?”

“என்னது?”

“துணியை. அடிச்சுட்டு, கம்பியைத் தூக்கிப் போட்டுட்டு, இவ்வளவு ஒழுங்கா நாலா மடிச்சிருக்கியே.”

“சுருட்டக்கூடாது, மடிக்கணும்னு நீதானேம்மா சொல்லுவ?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடித்த கையும் மடித்த கையும் ஒன்றுதான். இரண்டையும் வளர்த்தது அவள்தான். அவன் மெல்ல, “யார்கிட்டயும் சொல்லலையே?” என்றான். இல்லை என்று தலையாட்டினாள். “சொல்லாதேம்மா,” என்றான். சின்ன வயதில் பாத்திரத்தை உடைத்துவிட்டு அப்பாவிடம் சொல்லாதே என்று கேட்பானே, அதே குரல்.

“பேனர் கிழிஞ்சிருக்கு, அம்மாவே கொண்டுவர்றாங்கன்னு சொல்லிடு,” என்று மட்டும் சொன்னாள்.

மண்டபத்து வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. இத்தனை ஆண்கள் செருப்பை அந்த வாசலில் அவள் இதுவரை பார்த்ததில்லை. வழக்கமாக நாலு ஜோடி கிடக்கும். உள்ளே பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் உட்காராமல் பின்னால், கதவை ஒட்டி நின்றார்கள். பட்டினி கிடந்த முகங்கள் எல்லாவற்றிலும் ஒரு பளபளப்பு இருந்தது. பின்வரிசையில், தோள்களுக்கு நடுவில் மகன் நின்றான். ஒருவன் அவன் தோளில் கை போட்டிருந்தான். பேங்க் அக்கா நகர்ந்து இடம் கொடுத்து, “எங்க வீட்டுக்காரரு என்னைப் பார்க்கவே மாட்டேங்கிறாரு. பார்த்தா வீட்டுக்குக் கூப்பிட்டுடுவேன்னு பயம்,” என்று காதைக் கடித்தாள்.

பெரியக்கா முன்னால் வந்து நின்றார். “பெரிய பிரார்த்தனைக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். நம்ம டைலர் ஒரு வார்த்தை சொல்லணும்னாங்க. சொல்லும்மா. சுருக்கமா.”

எழுந்தாள். மடித்த பேனரை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “காலையில நான் போட்ட தேவை,” என்று ஆரம்பித்தாள். “அடிபட்டவரு நம்மாளு இல்ல. கண்ணாடிக் கடைக்காரரு.”

“கேக்கலம்மா, சத்தமா!” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“யாராம்?”

“கண்ணாடிக்காரனாம்.”

“அவனா? யாரு சொன்னா? ஆளைக் குழப்புறதுக்குன்னே கிளப்பி விடுறாங்கப்பா.”

“நேரமாகுது, ஆரம்பிங்கக்கா!”

“போதும், உட்காரும்மா,” என்றார் பெரியக்கா. “திருப்பி வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டு உட்காரு.”

அந்த மண்டபத்தில் ஒரு பழக்கம் இருந்தது. யார் கண்ணை மூடிக் கடவுளே என்று வாய்விட்டு ஆரம்பித்தாலும், மற்றவர்கள் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர் ‘ஆகட்டும்’ என்று முடிக்கும்வரை யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது. பெரியக்காவாகவே இருந்தாலும் குறுக்கிடக்கூடாது. மறதிக்காரப் பெரியவர் ஒருவர் ஒருமுறை முடிக்க மறந்துவிட்டு நிற்க, கல்யாண வீட்டுக்குப் போக வேண்டிய ஒரு குடும்பமே பஸ்ஸைத் தவறவிட்டது.

அவள் யோசித்துச் செய்யவில்லை. உட்காரப் போனவள், உட்காராமல் கண்ணை மூடிக்கொண்டாள். “கடவுளே,” என்றாள்.

சலசலப்பு அடங்குவது கேட்டது. முதலில் முன்வரிசை, பிறகு நடு, கடைசியாகக் கதவோரம். யாரோ ஒருவர் எரிச்சலில் விட்ட மூச்சு. பிறகு அதுவும் இல்லை.

“கடவுளே, இவங்க என்னைப் பேச விடமாட்டாங்க. அதனால உன்கிட்டப் பேசுறேன். நீ கோவிச்சுக்காதே.”

பக்கத்தில் பேங்க் அக்கா ம் என்றாள்.

“ஆஸ்பத்திரியில கிடக்கிறவருக்கு ரெண்டு குழந்தைங்க இல்ல. பொண்டாட்டி இல்ல. தங்கச்சி ஒருத்தி நாற்காலியில உட்கார்ந்திருக்கா. அவரு நல்லாப் பேசத் தெரியாதவரு. என் மூக்கை அகலம்னு சொன்னவரு. இங்க பாதிப் பேரு மூக்கு மேல அவரு கண்ணாடிதான் இருக்கு. அவரு கல்லு எடுக்கல. பலகையை எடுத்து உள்ள வைக்கக் குனிஞ்சாரு. அவரை அடிச்சது அவங்க இல்ல.” கண்ணைத் திறந்தால் மகன் முகம் தெரியும். திறக்கவில்லை. “அடிச்ச கம்பி என் வீட்டு மாடிக் கம்பி. நான் தைச்ச துணி கிழிஞ்சு என் கையில இருக்கு.”

எங்கோ ஒரு வளையல் ஒலித்தது. நேற்று அந்தக் கம்பியைப் பிடித்து முன்னால் நடந்தவன் யார் என்று அங்கே தெரியாதவர்கள் இல்லை. மூடிய கண்களுக்குப் பின்னால் அத்தனை பேரும் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

“காலையில நான் கேட்டது அவருக்காக இல்ல. எனக்காகக் கேட்டேன். முப்பது வீட்டையும் எனக்காகப் பட்டினி போட்டேன். இப்ப அவருக்காகவே கேக்குறேன். அவரு முழிச்சு எங்களைத் திட்டட்டும். அவரு திட்டுறதைக் கேட்டுட்டு நிக்கிற மனசைக் கொடு. உன்னை எங்க பக்கத்துல நிக்க வச்சு, பின்னாடி நாங்க ஒளிஞ்சுக்கிட்டோம். எங்களுக்கு எல்லாம் தெரியும்னு நினைக்கிறோமே, அதைக் கொஞ்சம் எடுத்துடு. என் பையனுக்கு...” அந்த வாக்கியத்தைக் காலையிலிருந்து நூறு விதமாகச் சொல்லி வைத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. “என் பையனுக்கு என்ன கேக்கறதுன்னு தெரியல. அவன்கூட இரு.”

சொல்ல வந்தது முடிந்துவிட்டது. இனி ‘ஆகட்டும்’ என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் தலைகள் நிமிரும், கண்கள் திறக்கும், கதவு திறக்கும். வெளியே போகிறவர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

மண்டபம் காத்திருந்தது. மின்விசிறிகள் சுற்றின. ஒருவர் இருமினார். முன்னால் பெரியக்கா தொண்டையை லேசாகச் செருமினார். அவளை முடிக்கச் சொல்லும் செருமல். அவள் நின்றாள். பட்டினி கிடந்த யாரோ ஒருத்தியின் வயிறு சத்தமாக இரைந்தது. கொஞ்சம் கழித்து, பெரியக்கா இருந்த திசையிலிருந்தே ஒரு சத்தம் வந்தது. அழுகையா, கோபத்தை விழுங்குகிற சத்தமா என்று பிரித்தறிய முடியவில்லை.

அப்போது பின்னால் கதவு திறந்தது. பிரார்த்தனையின் நடுவில் அந்தக் கதவு திறந்ததை அவள் ஒருபோதும் கேட்டதில்லை. தெருவின் இரைச்சல் கொஞ்சம் உள்ளே வந்தது. ஒரே ஒருவர் வெளியே போனார். வாசலில், அந்தக் குவியலுக்குள் ஒரு ஜோடியைத் தேடுகிற சத்தம். ஒன்று கிடைத்திருக்க வேண்டும். தரையில் தட்டிப் போட்ட சத்தம் கேட்டது. இன்னொன்று கிடைக்கவில்லை. வலது கால் செருப்பை எப்போதும் எங்காவது உதறிவிடுகிறவன் அவள் மகன். அவன் தேடினான். ஒற்றைச் செருப்போடு நின்று, மற்றவர்கள் செருப்புகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்துத் தேடிக்கொண்டே இருந்தான். வாசலிலிருந்து இடது பக்கம் பஸ் நிலையம். வலது பக்கம் போனால் ஆஸ்பத்திரி.

அவள் கண்ணைத் திறக்காமல், உதட்டை இறுக்கிக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள்.